மடிக்கணினியில் வயதாவது எது?

2020 ஜனவரி 14. தமிழ்நாட்டில் அன்று போகி. வேண்டாத பழசையெல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்திய அதே நாளில்தான் விண்டோஸ் 7-க்குக் கொடுத்துவந்த பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தற்செயல்தான், ஆனால் அந்தத் தேதிக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் கனம் பல ஊர்களில் கிடையாது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநில அரசு நிறுவனமான எல்காட் வழியாக அடுத்த சில ஆண்டுகளில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர் கைக்குப் போயின. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸ் 7, ஒன்றிய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்களையும் ஒன்றாகப் போட்டே கொடுத்தார்கள். காரைக்குடி மாதிரியான ஊர்களில் அந்த ‘அரசு லேப்டாப்’ இன்னும் பரணிலோ பீரோவின் மேலோ கிடக்கிறது. கேட்டால் ‘அது செத்துப்போச்சு’ என்பார்கள். செத்தது எது என்று பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் செத்தது கணினி இல்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று முதுமைகளை நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். சில பாகங்கள் உண்மையிலேயே தேய்கின்றன. சில பாகங்கள் தேய்வதே இல்லை. மூன்றாவது முதுமை பொருளில் இல்லை, அதை விற்றவரின் நாட்காட்டியில் இருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறிந்தால், பழைய லேப்டாப்பைச் சரிசெய்து பழைய இயங்குதளத்திலேயே ஓட்டுவது பைத்தியக்காரத்தனமா, நியாயமான காரியமா என்பதற்கு விடை கிடைக்கும். சில வேலைகளுக்கு அது நியாயமான காரியம் மட்டுமல்ல, கைவசம் உள்ள ஒரே வழியும்கூட.

தேய்கிறவற்றில் தொடங்குவோம். ‘ரொம்ப ஸ்லோ’ என்ற புகாருக்கு அநேகமாகச் சிப் காரணமாக இருப்பதில்லை, ஹார்டு டிஸ்க்தான் காரணம். இந்த வகை லேப்டாப்புகளில் உள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி ஆகிறது. தேடுகிற தகவல் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி போகும். ஆக, அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் படிக்கும்போது வினாடிக்கு அறுபது துண்டைத் தாண்டுவது கஷ்டம். விண்டோஸ் எழுந்திருக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத்தான் கேட்கிறது. சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் ஒரு துண்டு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியில் கிடைத்துவிடும். பழைய லேப்டாப்பின் சாட்டா இணைப்பு இன்றைய எஸ்.எஸ்.டி.யின் முழு வேகத்தைத் தாங்காது என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் உண்மைதான், ஆனால் பொருட்படுத்த வேண்டியதில்லை. நமக்கு லாபம் வருவது நீண்ட கோப்பை அள்ளும் வேகத்தில் அல்ல, காத்திருப்பு மறைவதில். இரண்டு மூன்று ஸ்குரூவைக் கழற்றி டிஸ்க்கை மாற்றினாலே பத்து வயது குறைந்ததுபோல் நடந்துகொள்ளும் இயந்திரம் வேறெதுவும் இருக்குமா என்று தெரியவில்லை.

பேட்டரி கதை வேறு. அதைச் சொல்ல காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமான ‘சிக்ரி’ இருக்கும் ஊர் இது. லித்தியம் அயன் பேட்டரியை உள்நாட்டிலேயே தயாரிக்கும் தொழில்நுட்பத்தை 2018-இல் ராசி சோலார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் போட்டதும் இந்த ஆய்வகமே. லேப்டாப் பேட்டரியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பெரும்பாலும் டார்ச் லைட் செல்லைப் போன்ற உருளைகள் இருக்கும். மூன்று மூன்றாகத் தொடரில் கோத்ததால்தான் மேலே 10.8 அல்லது 11.1 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு செல்லிலும் கிராஃபைட் முனையின்மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே போகிறது. அது வளர வளர, மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியம் அதிலே சிக்கிக்கொள்கிறது. உபயோகித்தாலும் சும்மா வைத்தாலும் இது நடக்கும். சூடும் நிறைசார்ஜும் சேர்ந்தால் வேகமாக நடக்கும். சித்திரை வெயிலில், சார்ஜரைக் கழற்றாமல், நூறு சதவீதத்திலேயே வைத்து ஓட்டுவதுதான் பேட்டரிக்கு நாம் செய்யக்கூடிய ஆகப் பெரிய கொடுமை.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த பேட்டரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்னழுத்தம் மிகவும் இறங்கிப்போன செல்லில், எதிர்முனையின் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. பிறகு சார்ஜ் ஏற்றினால் கரைந்த செப்பு கண்ட இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று அத்தகைய பேட்டரியைச் சார்ஜ் ஏற்க விடாமல் தடுக்கிறது. அந்தத் தடையை ஏமாற்றி வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ‘உயிர் கொடுக்கும்’ வித்தையைச் சொல்லித்தரும் காணொளிகள் ஏராளம். வேதியியல் தெரிந்தவர் யாரும் அதைச் செய்யமாட்டார். பழைய லேப்டாப்பில் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம் என்பது பெரிய வசதி. கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டலாம், கரண்ட் போனால் தாங்க ஒரு சிறு யு.பி.எஸ். போதும். மற்ற தேய்மானங்கள் சில்லறை. விசிறியில் தூசி, சிப்புக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே காய்ந்துபோன வெப்பப் பசை, பொத்தான் அளவுள்ள மூன்று வோல்ட் செல். இந்தக் கடைசிச் செல் தீர்ந்தால் கணினி தேதியை மறந்துவிடும். இணையத்தில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் கோளாறு என்று மிரட்டுவதற்கு இந்தச் சின்னச் செல் காரணமாக இருக்கலாம். கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள் இதை முதலில் மாற்றுவது நல்லது, இல்லாவிட்டால் இன்றைய பில் பல வருடம் பின்னால் போய் உட்கார்ந்துவிடும்.

தேயாதது எது? சிப், மதர்போர்டு, திரை. சாலிடர் விட்டுப்போவது, கெப்பாசிட்டர் பழுதாவது எல்லாம் உண்டுதான். ஆனால் சூடு மிஞ்சாமல் வைத்திருந்தால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் சிப் தன் கணக்கை மறந்துவிடுவதில்லை. 2011-இல் ஒரு வினாடியில் எத்தனை கூட்டல் போட்டதோ இன்றும் அத்தனை போடும். நாம் கொடுக்கும் வேலைதான் பெருத்துவிட்டது. இதிலே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 7-இன் அடிமட்டப் பதிப்பான ‘ஸ்டார்ட்டர்’ 32-பிட்டில் மட்டும்தான் வந்தது. அதற்கு 2 ஜி.பி.க்கு மேல் ரேம் போட்டாலும் பயன்படுத்தத் தெரியாது. பயன்படுத்தத் தெரியாது என்பதைவிட, பயன்படுத்தக் கூடாது என்று விற்றவர் வைத்த வரம்பு என்பதே சரி. அதே லேப்டாப்பின் பென்டியம் சிப் பல சமயம் 64-பிட் வேலைக்கு எப்போதோ தயாராக இருந்தது. எல்லை சிப்பில் இல்லை, உரிமத்தில் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பராமரிப்பு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது, 7-க்கு 2020-இல், 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். இந்தத் தேதிகளில் எந்தச் சிப்பும் தேயவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி இல்லாததாலும், சிப் பட்டியலில் பெயர் இல்லாததாலும் ஒதுக்கப்பட்டவற்றில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் எத்தனையோ. லினக்ஸ் பக்கமும் கதவுகள் மூடிக்கொண்டுதான் வருகின்றன. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32-பிட் கணினிக்கான நிறுவியே இல்லை.

சரி, டிஸ்க்கை மாற்றி, 64-பிட் லினக்ஸ் போட்டு, புதுசாக ஓட்டிவிட்டுப் போகலாமே, எதற்குப் பழைய இயங்குதளம்? இணையம் பார்க்க, பாடம் படிக்க, கடிதம் அடிக்க என்றால் அதுதான் சரி, அதில் விவாதமே இல்லை. பழைய இயங்குதளம் தேவைப்படுவது பழைய கோப்புக்காக. காரைக்குடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவரைக் கேட்டால் புரியும். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், குடும்ப வரலாறு என்று 1990-களிலிருந்து இந்த வட்டாரத்தில் அச்சானவற்றில் பெரும்பங்கு பேஜ்மேக்கரில் கட்டப்பட்டது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோடு தெரியாது. எழுத்துருக்களோ, ஒரு பைட்டில் உள்ள 256 இடங்களில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘அ’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ற’ இருக்கலாம். எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பைத் திறந்தாலும் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் டேம், டேப் குறியீடுகளை வகுத்தார்கள். இணையத் தமிழர்கள் தங்களுக்குள் டிஸ்கி என்ற ஒன்றை வைத்துக்கொண்டார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முந்தைய சுமார் இருபது ஆண்டுத் தமிழ் எழுத்து, குறியீட்டுக்கொரு தீவாகப் பிரிந்து கிடக்கிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் நூறாண்டு தாண்டியும் படிக்கக் கிடைக்கின்றன, இன்று அவை சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. 1998-இல் தட்டச்சான ஒரு மலரின் கணினிக் கோப்புக்கு அந்த ஆயுள் வாய்க்குமா என்பது சந்தேகம். காகிதத்தைப் படிக்கக் கண் போதும், கோப்பைப் படிக்க ஒரு முழுச் சூழலே வேண்டும்.

மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவை பல பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் ஏற்றிய இலக்கியங்களைப் பின்னர் யூனிகோடிலும் தந்தது. ஆனால் அங்கே இருந்தது நேரான உரை. பக்க வடிவமைப்போடு கட்டிய கோப்பு வேறு ரகம். பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து மாற்றும் திறன் இன்டிசைனில் சி.எஸ். 6 வரை இருந்தது, பின்வந்த பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். அதாவது மாற்றுவதற்கே ஒரு பழைய மென்பொருளும், அது ஓட ஒரு பழைய இயங்குதளமும் தேவை. மாற்றும் வேலையை எதிர்ப்பதற்காகப் பழைய லேப்டாப்பை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மாற்றும் வேலை முடியும்வரை பாலமாக இருப்பதற்கே அது வேண்டும். கடையில் அந்தப் பாலம் உடைந்த பிறகுதான் கோப்புகளின் நினைவு வருகிறது என்பது துரதிர்ஷ்டம்.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று: புதுக் கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக எக்ஸ்.பி.யை ஓட்டலாமே, லேப்டாப் எதற்கு? நல்ல யோசனைதான், புதுக் கணினி கையில் இருப்பவர் முதலில் அதைத்தான் முயல வேண்டும். முழு டிஸ்க்கையும் பிரதி எடுத்து மெய்நிகராக்கிவிட்டால் இயந்திரம் இறந்தாலும் சூழல் பிழைக்கும். ஆனால் சில தமிழ் மென்பொருள்கள் கணினியின் பின்னால் செருகும் ஒரு பூட்டு இருந்தால்தான் திறக்கும். அந்தப் பூட்டுக்கான பழைய டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறாது. மெய்நிகர் கணினிக்குள் யு.எஸ்.பி. பூட்டை அனுப்புவது சில சமயம் பலிக்கும், சில சமயம் பலிக்காது. 1990-களின் 16-பிட் நிரல்களை 64-பிட் விண்டோஸ் எதுவும் ஓட்டாது. விண்டோஸ் 11 வருவதோ 64-பிட்டில் மட்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மெய்நிகர் வழி பாதிப் பேருக்குப் போதும், மீதிப் பேருக்கு நிஜ இயந்திரம் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி பாதுகாப்பு. இதுதான் உண்மையான ஆட்சேபம். மற்றதெல்லாம் வசதி பற்றிய பேச்சு. காரைக்குடிக்காரருக்குப் பழைய பொருளின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய நிலையும் கதவும் இன்றும் விலைபோகின்றன. ஆனால் பர்மா தேக்கில் செய்த கதவை எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கும் திருடன் ஒரே இரவில் திறந்துவிட முடியாது, பழைய விண்டோஸை முடியும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை அதைக் காட்டியது. கோப்புப் பகிர்வுக்கான பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியே, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, அது கணினிவிட்டுக் கணினி தாவியது. அந்தச் சம்பவத்தைச் சொல்லிப் பழைய இயங்குதளமே கூடாது என்பவர்கள் இரண்டு விவரங்களை விட்டுவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப்பெரும்பாலானவை அப்போது பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் அவற்றில் போடப்படவில்லை. இன்னொன்று, அந்தப் புழு நுழைந்தது வலைப்பின்னல் வழியாக. வலைப்பின்னலே இல்லாத கணினிக்குள் அதற்கு வாசல் இல்லை.

ஆகவே நிபந்தனை எளிது: பழைய இயங்குதளம் ஓடும்போது இணையம் கூடாது. வைஃபையை அணைத்து வைப்பது போதாது, யாராவது ஒருநாள் போட்டுவிடுவார்கள். அடிமூடியைத் திறந்தால் இரண்டு மெல்லிய ஆண்டெனா ஒயர்கள் செருகிய சிறு அட்டை தெரியும், அதைக் கழற்றியே வைக்க வேண்டும். இணையம் இல்லாவிட்டால் பெரிய இழப்பும் இல்லை. எக்ஸ்.பி.யோடு வந்த உலாவிக்கு இன்றைய தளங்கள் கேட்கும் மறையாக்கம் தெரியாது, விண்டோஸ் 7-ஐக் குரோம் 2023 தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டது. மிச்சமிருக்கும் வாசல் பென் டிரைவ். 2008-இல் தொடங்கிப் பரவிய கான்ஃபிக்கர், பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. அந்த வசதியை முடக்கிவிட்டு, வரும் பென் டிரைவை ஒருமுறை லினக்ஸில் திறந்து பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். இணையமும் வேண்டும், பழைய கோப்பும் வேண்டும் என்பவர் இரண்டு எஸ்.எஸ்.டி. வைத்துக்கொள்ளலாம், ஒன்றில் லினக்ஸ், மற்றதில் பழைய விண்டோஸ். டி.வி.டி. டிரைவ் இருந்த இடத்தில் இன்னொரு டிஸ்க்கைப் பொருத்தும் சட்டமும் கிடைக்கிறது. அப்படிச் செய்தால் கழற்றிய வைஃபை அட்டையைத் திரும்பப் போடாமல், லினக்ஸில் வேலை செய்யும்போது மட்டும் யு.எஸ்.பி. வைஃபை செருகிக்கொள்ளலாம். ஒரே இயந்திரத்தில் இரண்டு இயங்குதளம் என்ற எல்காட்டின் பழைய ஏற்பாட்டில் நல்ல அறிவு இருந்தது, பலர் பார்மட் அடித்துப் பாஸ் லினக்ஸைத் துரத்தியதுதான் சோகம்.

செய்முறையில் முதல் வேலை பிரிப்பதல்ல, பிரதி எடுப்பது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, லினக்ஸின் டி.டி.ரெஸ்க்யூ மாதிரியான கருவியால் பிட்டுக்குப் பிட் நகலெடுத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் விண்டோஸைத் திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்ப்பது, உள்ளதையும் அழிக்கும் வழி. அடுத்து, எக்ஸ்.பி.யைப் போடப் போனால் நீலத் திரையும் 7பி என்று முடியும் பிழை எண்ணும் வரும். பலர் அங்கேயே கைகழுவிவிடுவார்கள். டிஸ்க்கோடு பேசும் ஏ.எச்.சி.ஐ. முறை எக்ஸ்.பி.க்குத் தெரியாது என்பதுதான் காரணம். பயாஸில் போய்ப் பழைய ஐ.டி.இ. முறைக்கு மாற்றினால் ஏறிவிடும். விண்டோஸ் 7-ஐப் போடும்போது மௌஸும் கீபோர்டும் செத்ததுபோல் நின்றால், அவை யு.எஸ்.பி. 3 துளையில் இருக்கின்றன என்று பொருள். இன்னொரு நுட்பம்: எக்ஸ்.பி. தன் பிரிவை டிஸ்க்கின் 63-ஆவது செக்டரில் தொடங்கும். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256. எஸ்.எஸ்.டி. தகவலை 4,096-இன் மடங்குகளில் கையாள்வதால் இது சரியாக வகுபடாமல், ஒவ்வொரு முறை எழுதும்போதும் தகவல் இரண்டு பக்கங்களில் விழும். லினக்ஸில் வைத்து முதலிலேயே ஒரு மெகாபைட் தள்ளிப் பிரிவைப் போட்டுக்கொடுத்துவிட்டால் இந்த வீண் தேய்மானம் இல்லை.

பழைய லேப்டாப் மின்சாரத்தைத் தின்னும், புதிதே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றும் ஒரு வாதம் உண்டு. கணக்குப் போட்டே பார்க்கலாம். பழையது புதியதைவிட 30 வாட் அதிகம் எடுக்கிறது, தினம் நான்கு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைப்போம். கூடுதல் செலவு 36 யூனிட். இந்தியாவில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் வருடத்துக்கு 25 கிலோ. புது லேப்டாப் ஒன்றைத் தயாரிப்பதிலேயே சுமார் 200 கிலோ வெளியாகிறது என்று எடுத்துக்கொண்டால், அந்தக் கடனை மின்சார மிச்சத்தால் அடைக்க எட்டு ஆண்டு பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் பழைய கோப்பைத் திறக்க மட்டும் ஓடுகிற கணினி என்றால் அந்தக் கடன் அடைபடவே அடைபடாது.

பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாசலே திறந்தது. ஆனால் உரிமை மட்டும் இருந்து ஸ்குரூ இல்லாவிட்டால் என்ன செய்வது? 2011-இன் லேப்டாப்பை இவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடிவதற்குக் காரணம், அதில் ரேம் தனித் துளையில் செருகியிருக்கிறது, டிஸ்க் தனியாகக் கழல்கிறது, பேட்டரி கையோடு வருகிறது. இன்று மெல்லியதாக வரும் பல லேப்டாப்புகளில் ரேமை மதர்போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி அல்லது கைக்கணினி தருவதாகத் தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இத்தனை லட்சம் கணினிகளை வாங்கும் அரசு, ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பேட்டரியும் சாதாரண ஸ்குரூ டிரைவரால் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்று டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால், எந்த நிறுவனமும் மறுக்காது.